அமெரிக்காவிலுமா லோ வோல்டேஜ்? பாலைவன ஆர்.வி. பார்க்குகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் அரிசோனாவின் பென்சனில், வீட்டு வண்டிகளை நிறுத்தித் தங்கும் ஓர் ஆர்.வி. பார்க்கில், எங்களுக்குப் பக்கத்து இடத்தில் ஒரு டிரெய்லர் வந்து நின்றது. ஷோரூம் வாசனை போகாத புது வண்டி. மினசோட்டாவில் வீட்டை விற்றுவிட்டு, இனி வண்டிதான் வீடு என்று கிளம்பிய தம்பதி. கணவர் இறங்கினார், கரண்ட் வயரை இழுத்து வந்தார், மின்பெட்டியின் பிரேக்கரை அணைக்காமல் அப்படியே செருகினார். பளிச்சென்று ஒரு நீலப்பொறி. என்னைப் பார்த்துச் சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏழு வருடத்துக்கு முன்னால் நானும் அப்படித்தான் செருகினேன், அப்படித்தான் சிரித்தேன். அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

தண்ணீர் நிறையக் குடியுங்கள், தொப்பி போடுங்கள், செருப்பை உதறிவிட்டுப் போடுங்கள் என்றெல்லாம் சொல்லப் போவதில்லை. அது எல்லோருக்கும் தெரியும். தெரிந்ததாக நினைத்துக்கொண்டு நாம் செய்கிற தவறுகள் வேறு.

மின்பெட்டியில் வருவது எப்போதும் 120 வோல்ட் என்று நம்புவது

ஆர்.வி. பார்க்கில் ஒவ்வொரு இடத்துக்கும் தண்ணீர்க் குழாய், கழிவுநீர்க் குழாய், கரண்டுக்கு ஒரு குட்டிக் கம்பம் என்று மூன்று இணைப்புகள் இருக்கும். அந்தக் கம்பத்தைப் பெடஸ்டல் என்பார்கள். அதில் 30 ஆம்பியர், 50 ஆம்பியர் என்று இரண்டு சாக்கெட். எங்கள் டிரெய்லர் 30 ஆம்பியர். 120 வோல்ட்டை 30-ஆல் பெருக்கினால் 3,600 வாட். வீடு மொத்தத்துக்கும் அவ்வளவுதான்.

அந்தக் கணக்கை நான் சீக்கிரமே கற்றுக்கொண்டேன். கூரை ஏ.சி. 13 முதல் 15 ஆம்பியர் இழுக்கும். 1,800 வாட் இண்டக்‌ஷன் அடுப்பு இன்னொரு 15. இரண்டையும் சேர்த்துப் போட்டால் சாம்பார் கொதிப்பதற்குள் பிரேக்கர் விழும். விழுந்தால் நஷ்டமில்லை, தூக்கிவிட்டுக்கொள்ளலாம். நான் மாட்டிக்கொண்டது பிரேக்கர் விழாத இடத்தில்.

முதல் வருடம் ஜூன் மாதம். கொலராடோ ஆற்றோரம் ஒரு பார்க். பெயர் வேண்டாம். புத்தியுள்ளவர்கள் ஏப்ரலிலேயே அங்கிருந்து கிளம்பிவிடுவார்கள். ஆக்ஸில் உதிரிபாகம் ஒன்று தபாலில் வர வேண்டியிருந்ததால் நாங்கள் காத்துக் கிடந்தோம். வெளியே 112 டிகிரி ஃபாரன்ஹீட், நம் கணக்கில் 44 டிகிரி செல்சியஸ். சாயங்காலம் நாலரை மணிக்கு ஏ.சி.யின் சத்தம் மாறியது. கம்ப்ரஸர் கிளம்பப் பார்க்கும், உம்மென்று முனகும், டக்கென்று நிற்கும். இரண்டு மூன்று நிமிடம் கழித்து மறுபடி உம், டக். லைட் எரிகிறது, ஃபேன் சுற்றுகிறது, அப்புறம் என்ன கோளாறு என்று ஃபில்டரைக் கழுவிக்கொண்டிருந்தேன். மூன்று நாள் இப்படியே ஓடியது. நான்காம் நாள் முனகலும் நின்றது. கருகிய வார்னிஷ் வாசனை வந்தது.

வந்த மெக்கானிக் கூரையில் ஏறுவதற்கு முன்னால் மீட்டரைப் பெடஸ்டலில் வைத்தார். 101 வோல்ட். அவருக்கு ஆச்சரியமே இல்லை, உதட்டைப் பிதுக்கினார். கம்ப்ரஸர் போய்விட்டது, புது ஏ.சி. வைக்க ஆயிரத்து எழுநூறு டாலர். பார்க் அலுவலகத்தில் போய்க் கேட்டேன். "மற்ற எல்லாருக்கும் ஓடுகிறதே?" என்றார்கள். அதோடு பேச்சு முடிந்தது.

அன்று இரவு மதுரைக்குப் பேசும்போது அம்மாவிடம் சொன்னேன். ஒரு நிமிடம் பேச்சே இல்லை. பிறகு, "ஏன்டா, நம்ம வீட்ல ஃபிரிட்ஜுக்கு ஸ்டெபிலைசர் இல்லாம ஒரு நாளாவது பிளக்கைச் சொருக விட்டிருக்காராடா உங்கப்பா? அமெரிக்கா போனா அதுகூடவா மறந்து போகும்?" என்றார்.

இன்றுவரை எரிச்சல் தருவது அந்தப் பணம் இல்லை, இதுதான். லோ வோல்டேஜ் என்றால் என்னவென்று தெரியாத ஊரில் பிறந்தவனாக இருந்தால் பரவாயில்லை. ஸ்டெபிலைசரின் முள் 180-க்கு இறங்கினால் ஓடிப்போய் ஃபிரிட்ஜை அணைத்த பையன் நான். அமெரிக்காவில் கரண்ட் சுத்தமாகத்தான் வரும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஏன் இப்படி ஆகிறது? மின்வாரியத்தின் கம்பியில் பெரும்பாலும் குறையில்லை. அதற்குப் பிறகு வரும் பார்க்கின் உள்வயரிங்கில்தான் இருக்கிறது விஷயம். அமெரிக்க மின் விதித்தொகுப்பின்படி, 36 இடங்களோ அதற்கு மேலோ உள்ள பார்க்கில் மொத்த லோடில் 41 சதவீதத்துக்குக் கணக்குப் போட்டு வயர் இழுத்தால் போதும். எல்லாரும் ஒரே நேரத்தில் முழுசாக இழுக்க மாட்டார்கள் என்பது எண்ணம். சாதாரண ஊரில் சரிதான். ஜூன் மாதப் பாலைவனத்தில் மாலை நாலு மணிக்கு எல்லா வண்டியிலும் எல்லா ஏ.சி.யும் ஓடும். பழைய வயர், நீளமான தூரம், வரிசையின் கடைசி இடம் என்று சேர்ந்துகொண்டால் கடைசி வண்டிக்குப் போய்ச் சேருவது வடித்த கஞ்சிதான்.

வோல்டேஜ் குறைந்தால் மோட்டார் அடங்கி ஓடாது. அதே வேலையைச் செய்ய ஆம்பியரைக் கூடுதலாக இழுக்கும், சுருள் சூடேறும், மேல்பூச்சு உருகும். 13 இழுக்க வேண்டியது 17 இழுத்தால், வண்டிக்குள் ஏ.சி.க்கென்று இருக்கும் 20 ஆம்பியர் பிரேக்கருக்கு அது ஒரு பொருட்டே இல்லை. அதனால்தான் பிரேக்கர் காப்பாற்றவில்லை.

இங்கே புதியவர்கள் செய்யும் இரண்டாவது தவறையும் சொல்லிவிடுகிறேன், நானும் செய்தேன். ஏ.சி. போன சூட்டோடு கடைக்குப் போய் எண்பது டாலருக்கு ஒரு சர்ஜ் புரொடெக்டர் வாங்கி மாட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன். அது இடி மின்னலில் பாயும் திடீர் அதிக வோல்டேஜைத் தாங்குவதற்கானது. குறையும் வோல்டேஜை அது கண்டுகொள்ளாது. வேண்டியது இ.எம்.எஸ். (எலக்ட்ரிக்கல் மேனேஜ்மென்ட் சிஸ்டம்) என்கிற பெட்டி. பார்ப்பதற்கு இரண்டும் அண்ணன் தம்பி போல இருக்கும், விலையில்தான் வித்தியாசம் தெரியும். என்னிடம் இருப்பது 104 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினாலோ 132-க்கு மேலே ஏறினாலோ கரண்டைத் துண்டித்துவிடும். சாக்கெட்டில் வயர் மாறியிருந்தால் உள்ளே விடவே விடாது. 50 ஆம்பியர் வண்டிக்காரர்களுக்கு இது இன்னும் முக்கியம். அதில் இரண்டு லைனுக்கும் பொதுவாக ஒரே நியூட்ரல். நியூட்ரல் கட்டானால் ஒரு பக்கம் வோல்டேஜ் எகிறும், மறுபக்கம் சரியும். நம் தெருவில் நியூட்ரல் போன அன்று எத்தனை டி.வி. போனது என்று நினைத்துப் பாருங்கள்.

ஸ்டெபிலைசருக்கு நேர் சமமான சாமானும் உண்டு, ஆட்டோஃபார்மர் என்று பெயர். குறையும் வோல்டேஜைச் சுமார் 10 சதவீதம் தூக்கிக் கொடுக்கும். கனமானது, விலையும் கூடுதல். அந்த ஆற்றோர ஊர்களில் கோடையைக் கழிக்கிறவர்களுக்கு மட்டும்தான் நான் சிபாரிசு செய்வேன்.

இப்போது என் வழக்கம் இது. அலுவலகத்தில் பணம் கட்டும் முன்னால் இடத்தைப் பார்க்கக் கேட்பேன். சாக்கெட்டில் கருகல், உருகல், ஆட்டம் இருந்தால் வேறு இடம். பெடஸ்டல் பிரேக்கரை அணைத்துவிட்டுத்தான் செருகுவேன், அணைத்துவிட்டுத்தான் எடுப்பேன். 30 ஆம்பியர் சாக்கெட் தளர்ந்திருந்தால் அடாப்டர் போட்டு 50-இல் மாட்டுவேன். பெரிய வண்டிகள் வராத பார்க்குகளில் அந்தச் சாக்கெட் அதிகம் தேய்ந்திருக்காது. சமையலறைச் சுவரில் இருபது டாலர் வோல்ட்மீட்டர் ஒன்று எப்போதும் செருகியிருக்கும். 108-க்கு வந்தால் பெட்டி துண்டிக்கும்வரை காத்திருக்க மாட்டேன், ஏ.சி.யை நானே அணைத்துவிட்டு நூலகத்துக்கோ கடைக்கோ கிளம்பிவிடுவேன்.

காலையில் 118 காட்டியதே என்று ஏமாறாதீர்கள். மாலை நாலு மணிக்கு என்ன காட்டுகிறது என்பதுதான் கணக்கு.

இன்னொன்று. ஃபீனிக்ஸில் இருக்கும் நண்பர் வீட்டு வாசலில் நிறுத்தலாம் என்று போவீர்கள். அவர் அன்பாக எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு 30 ஆம்பியர் சாக்கெட் வைத்திருப்பார். துணி உலர்த்தும் மெஷினுக்கு வைப்பது போல நினைத்து அதில் 240 வோல்ட் கொடுத்துவிடும் எலக்ட்ரீஷியன்கள் உண்டு. மீட்டர் வைக்காமல் மாட்டினால் ஏ.சி.யோடு நிற்காது, வண்டியில் உள்ள எல்லாம் போகும்.

கழிவறைத் தொட்டி வால்வைத் திறந்தே வைப்பது

வைக்காதீர்கள். தொட்டியிலிருந்து கழிவுநீர்க் குழாய்க்குத் தண்ணீர் மட்டும் ஓடிவிடும், மற்றது தொட்டியிலேயே காய்ந்து கோபுரமாகும். சாப்பிட்டுக்கொண்டே படிக்கிறவர்கள் இருப்பீர்கள், இதோடு விடுகிறேன்.

பாலைவனம் என்றால் சூடு என்று நினைப்பது

பென்சன் 3,600 அடி உயரத்தில் இருக்கிறது. நியூ மெக்சிகோவின் டெமிங் 4,300 அடி. டிசம்பர், ஜனவரி இரவுகளில் தண்ணீர் உறையும். எங்கள் முதல் டிசம்பரில் காலையில் எழுந்தபோது தண்ணீர் ஹோஸ் கம்பு மாதிரி நின்றது. மனைவி அதைத் தூக்கிக் காட்டி, "இதை வச்சு மாங்காய் அடிக்கலாம்" என்றாள். இரவில் ஹோஸைக் கழற்றி வடித்துவிட்டு, உள்தொட்டித் தண்ணீரைப் பம்ப் வைத்துப் பயன்படுத்துங்கள்.

கோடையில் இதே உயரம்தான் துணை. கடல் மட்டத்திலிருந்து 140 அடியில் இருக்கும் யூமாவில் வெந்துகொண்டிருப்பதற்குப் பதில் ஏறக்குறைய 7,000 அடியில் இருக்கும் ஃப்ளாக்ஸ்டாஃபுக்கு ஏறிவிடலாம். சக்கரம் வைத்த வீட்டை வாங்கிவிட்டு ஜூலையில் யூமாவில் ஏன் உட்கார வேண்டும்?

ஜனவரியில் போய் நின்றுகொண்டு இடம் கேட்பது

குளிருக்குப் பயந்து வடக்கிலிருந்தும் கனடாவிலிருந்தும் வருகிறவர்கள் போன வருடமே இடம் சொல்லிவைத்திருப்பார்கள். ஜனவரிக் கடைசியில் டூசானில் ரத்தினக் கண்காட்சி தொடங்கும். பிப்ரவரி, மார்ச்சில் ஃபீனிக்ஸைச் சுற்றிப் பேஸ்பால் பயிற்சி ஆட்டங்கள். எந்தப் பார்க்கைக் கூப்பிட்டாலும் இல்லை என்பார்கள். இருக்கிற சில இடங்களும் 55 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மட்டும் என்பார்கள். பத்து வருடத்துக்கு மேல் பழைய வண்டியைச் சேர்க்காத பார்க்குகளும் உண்டு.

இடம் கிடைக்காவிட்டால் அரிசோனாவிலேயே இருக்கும் குவார்ட்ஸைட். அங்கே மத்திய அரசு நிலத்தில் செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை பணம் கட்டித் தங்கலாம், இரண்டு வாரத்துக்கு மட்டும் கட்டியும் தங்கலாம். கரண்டும் இல்லை, குழாயும் இல்லை. சோலார் இருந்தால் சொர்க்கம்.

வரைபடம் பார்க்காமல் மாதக் கணக்கில் பணம் கட்டுவது

நாள் வாடகையைவிட மாத வாடகை வெகு மலிவு, உண்மைதான். ஆனால் மாதத்துக்கு எடுத்தால் கரண்ட் பில் பெரும்பாலும் தனி. ஏ.சி. ஓடும் மாதத்தில் அந்த மலிவு எங்கே போனது என்று தேடுவீர்கள். கட்டிய பணம் திரும்பவும் வராது. ஒருமுறை மூன்று மாதத்துக்கு மொத்தமாகக் கட்டிவிட்டேன். முதல் இரவு இரண்டு மணிக்குச் சரக்கு ரயில் வந்தது. இந்தப் பக்கத்து ஊர்களில் பாதி, ரயில் பாதை போட்டதால் பிறந்த ஊர்கள். பார்க்குகளும் பாதையை ஒட்டித்தான் இருக்கும். ரயில் வருவதுகூடப் பெரிதில்லை. சாலைக் கிராசிங்குகளில் இரண்டு நீள ஹாரன், ஒரு குட்டை, மறுபடி ஒரு நீளம் அடிக்க வேண்டும் என்பது பொதுவான சட்டம். தொண்ணூறு இரவுகள் கேட்டோம். முதலில் ஒரு வாரம் தங்கிப் பாருங்கள், பிறகு மாதம்.

வெய்யில் திரையை விரித்துவிட்டுக் கடைக்குப் போவது

எங்களுடையது காற்றில் பிய்ந்து பக்கத்துக்காரர் கூரையில் கிடந்தது.

புழுதிப் புயலில் விளக்கைப் போட்டுக்கொண்டு ஓரம் கட்டுவது

சாலையை விட்டு முழுசாக இறங்கி நில்லுங்கள். எல்லா விளக்கையும் அணையுங்கள், பிரேக்கிலிருந்தும் காலை எடுத்துவிடுங்கள். எரியும் பின்விளக்கைப் பார்த்தால் பின்னால் வருகிறவன் அதுதான் சாலை என்று நினைத்து நேராக வந்து மோதுவான்.

டயரில் பட்டன் இருக்கிறதே என்று நிம்மதியாக இருப்பது

இங்கே டயர் ஓடித் தேய்வதைவிட வெய்யிலில் நின்றே சாகிறது. பக்கவாட்டில் டி.ஓ.டி. எழுத்துக்களின் முடிவில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. ஆறு வயதைத் தாண்டிய டயரை நான் நம்புவதில்லை.

தண்ணீர்

நம்மூர் போர்வெல் போல உப்புத் தண்ணீர், அதாவது கடினநீர். ஹீட்டர் முழுக்க வெள்ளைக் காரை படியும். கடினத்தன்மையைக் குறைக்கும் சின்ன சாஃப்ட்னர் ஒன்று வாங்குங்கள், சமையல் உப்பு போட்டே அதைத் திரும்பத் தயாராக்கலாம்.

நேரம்

அரிசோனாவில் கோடைக்கு மணியை மாற்ற மாட்டார்கள். அதே மாநிலத்தின் வடகிழக்கில் நவஹோ நிலத்தில் மாற்றுவார்கள். அந்த நவஹோ நிலத்துக்கு நடுவே இருக்கும் ஹோப்பி நிலத்தில் மாற்ற மாட்டார்கள். அந்தப் பக்கம் போய், இடத்தைக் காலி செய்ய வேண்டிய நேரம் 11 மணி என்றால், எந்த 11 என்று கேட்டுக்கொள்ளுங்கள்.