தாடை வலிக்குக் கைப்பக்குவம்

கரும்பு கடிச்சோ, மிஷின்ல குனிஞ்சு பல்லைக் கடிச்சுட்டே தைச்சோ தாடை வலிக்குதுங்களா? முதல்ல வெதுவெதுப்பான துணியில 10 நிமிசம் ஒத்தடம். அப்புறம் ஒருதரம் பல்லைக் கடிச்சுப் பாருங்க. காதுக்கு முன்னாடி, தாடை மூலைக்கு மேல திரளுதே, அதான் மெல்லும் தசை. கடியை விட்டுட்டு, ரெண்டு விரல்ல கன்னத்து எலும்புக்குக் கீழிருந்து தாடை ஓரம் வரைக்கும் வட்டமா நீவுங்க. முடிச்சு தட்டுப்படற எடத்துல 10 நொடி அழுத்தி விடுங்க. பக்கத்துக்கு 2 நிமிசம் போதும். பல்லுக்குப் பல்லு பட்டுட்டிருந்தா தசை இளகாது. பலரும் கோட்டை விடறது இங்கதான். நெத்திப்பொட்டையும் நீவிக்குங்க. சொடக்கெடுக்கறேன்னு தாடையை வெடுக்குனு திருப்பவே கூடாதுங்க. வீக்கம், காய்ச்சல், வாய் திறக்க முடியலைன்னா பல் டாக்டர். நெஞ்சும் சேர்ந்து இறுக்குனா உடனே 108.