ரோமன் திரை தைக்கக் கொடுக்கும் முன்

ரோமன் திரை, கொசுவம் வைத்து இருபுறமும் ஒதுக்கும் வழக்கமான திரைச்சீலையைப் போன்றதன்று. அது ஒரே தட்டையான துணியாக இறங்கி, பின்புற வளையங்களில் கோத்த கயிறுகளை இழுத்தால் மடிப்பு மடிப்பாக மேலேறும். தட்டையாக இருப்பதால் அளவில் நேரும் பிழை எதையும் அது மறைக்காது. எனவே துணி மாதிரிகளைப் புரட்டுவதற்கு முன்பே, திரை சன்னலின் சுவர்க் குழிவுக்குள் தொங்க வேண்டுமா, வெளியே சுவரின்மேல் தொங்க வேண்டுமா என்பதை முடிவு செய்துவிட வேண்டும்.

குழிவுக்குள் தொங்கும் திரை பார்வைக்கு அடக்கமாக இருக்கும் என்பது உண்மைதான். ஆனால் நம் வீடுகளில் உட்புறம் திறக்கும் கொசுவலைக் கதவோ, துருத்தி நிற்கும் கைப்பிடியோ பல சன்னல்களில் இருப்பதால், திரையின் மேற்சட்டமும் மடிப்புகளும் அடங்கும் ஆழம் அங்கே மிஞ்சுகிறதா என்று பார்க்க வேண்டும். மேலும், ஏற்றிய திரை பத்து அங்குல அளவுக்கு மடிந்து நிற்குமானால், நான்கடி உயரச் சன்னலில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு வெளிச்சமும் காற்றும் எப்போதும் தடைபடும். இக்காரணத்தாலேயே, சன்னலுக்கு மேல் சுவரில் இடமிருந்தால் வெளியே மாட்டுவதையே நான் பரிந்துரைப்பேன். சன்னலுக்கு மேலுள்ள கான்கிரீட் லிண்டலில் துளையிடச் சுத்தியல் டிரில் தேவைப்படும். ஆனால் அதில் முடுக்கிய திருகு எளிதில் ஆடாது.

அளவெடுக்க எஃகு டேப்பையே பயன்படுத்துங்கள். உள்ளே மாட்டுவதானால் அகலத்தை மேலே, நடுவே, கீழே என மூன்று இடங்களில் அளந்து, அவற்றுள் மிகக் குறைந்ததைக் கொடுங்கள். வெளியே மாட்டுவதானால் பக்கத்துக்கு மூன்று அங்குலமாவது கூட்டிக்கொள்ளுங்கள். நீங்கள் கொடுப்பது குழிவின் அளவா, தைத்து முடிந்த திரையின் அளவா என்பதை எழுதியே கொடுக்க வேண்டும். என் வீட்டில், திரை பக்கச் சுவரில் உரசாமலிருக்க நான் ஒருமுறை கழித்த அரை அங்குலத்தைத் தைப்பவரும் தம் வழக்கப்படி கழித்துவிட, காலை வெயில் இருபுறமும் கோடு போட்டாற்போல் உள்ளே வந்தது.

துணி கெட்டியாகவும், ஊடும் பாவும் நேராகவும் இருக்க வேண்டும். கட்டம் போட்ட துணியில் சிறு கோணலும் ஒவ்வொரு மடிப்பிலும் பளிச்செனத் தெரியும். கரூர்ப் பருத்தித் துணி இதற்கு நன்றாகவே பொருந்தும், ஆனால் தைப்பதற்கு முன் நனைத்துச் சுருக்கிக்கொள்ள வேண்டும். பட்டு, நேர்வெயிலில் நைந்துபோகும். லைனிங் துணியைச் செலவு கருதித் தவிர்க்காதீர்கள். அது இல்லாவிட்டால் சாயம் விரைவில் வெளுப்பதோடு, வெளிச்சம் ஊடுருவும்போது, மடிப்புகள் நேராக நிற்கத் திரையின் பின்புறம் குறுக்கே செருகிய கம்பிகளும் நிழலாகத் தெரியும். திரைத்துணி பெரும்பாலும் 54 அங்குல அகலத்தில் வருவதால், ஆறடிச் சன்னலுக்கு ஒட்டுப்போட்ட ஒரே திரையைவிட, சன்னல் சட்டத்தின் நேரே பிரியும் இரு திரைகளே மேல். அடுப்பருகே இதை மாட்டவே வேண்டாம்.

குழந்தைகள் உள்ள வீட்டில், தொங்கும் கயிறு கழுத்தில் சுற்றிக்கொள்ளும் ஆபத்து உண்டு. கயிறில்லாத வகையைக் கேளுங்கள். இயலாவிட்டால் கயிற்றைச் சுற்றிவைக்கும் கொக்கியைத் தரையிலிருந்து ஒன்றரை மீட்டருக்குக் குறையாத உயரத்தில் அடித்து, ஒவ்வொரு முறையும் அதில் சுற்றிவிட வேண்டும். கயிற்றுக்குப் பதில் சங்கிலியை இழுத்து ஏற்றும் வகையானால், அச்சங்கிலியின் அடிப்பகுதியைச் சுவரோடு இழுத்துப் பிடிக்கும் பிடிப்பான் கட்டாயம் தேவை.

துணியை மேற்சட்டத்தில் வெல்க்ரோவால் ஒட்டச் சொல்லுங்கள். கம்பிகளையும் உருவி எடுக்கும்படி அமைத்தால், துவைப்பதற்காகத் திரையை முழுதாகப் பிரிக்க வேண்டியிராது.