நீர்ப்பிரமி தேடுபவர்களே, பூவை விட்டுக் கொஞ்சம் கீழே பாருங்கள்

போன ஞாயிறு முட்டுக்காடு பக்கம் நான்கு புதியவர்களோடு நடந்தேன். ஈர நிலத்தில் படரும் சிறு மூலிகையான நீர்ப்பிரமியைத் தேடித்தான். ஈர மணல் பள்ளம் ஒன்றில் சின்ன வெள்ளைப் பூக்களைக் கண்டதும் நால்வரும் அப்படியே குனிந்து பூவின் மூக்கருகே செல்போனை நீட்டினார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் ஒரு காலத்தில் நானும் இதைத்தான் செய்தேன். புதியவர்கள் செய்யும் இந்த மாதிரித் தவறுகளைத்தான் கீழே எழுதுகிறேன்.

பூவின் முகத்தை மட்டும் படமெடுப்பது

சில வருடங்களுக்கு முன் இதே கரையோரம் நாற்பது படம் எடுத்தேன், நாற்பதும் பூ. வெள்ளை, ஐந்து மடல், சரி, நீர்ப்பிரமிதான் என்று நோட்டில் எழுதியும் விட்டேன். செடி தெரிந்த ஒரு பெரியவர் படத்தைப் பார்த்துவிட்டு, "தம்பி, இலை எதிரெதிரா இருந்துச்சா, மாத்தி மாத்தியா?" என்றார். நான் முழித்தேன். திரும்பிப் போனால் பள்ளத்தில் லாரி லாரியாக மண்ணடித்து மேடாக்கியிருந்தார்கள். அந்த வரிக்குப் பக்கத்தில் போட்ட கேள்விக்குறி இன்னும் அப்படியே இருக்கிறது.

நீர்ப்பிரமி தரையோடு படர்ந்து கணுவுக்குக் கணு வேர்விடும். இலைகள் எதிரெதிர் ஜோடி, காம்பில்லை, தடிமன், கரண்டி வடிவம், நீளம் ஒன்றிரண்டு செ.மீ.தான். இலைக்கக்கத்திலிருந்து, அதாவது இலை தண்டோடு சேரும் இடுக்கிலிருந்து, மெல்லிய காம்பில் ஒற்றைப் பூ. அதைத் திருப்பினால் பூவின் அடியில் உள்ள பச்சை மடல்களான ஐந்து புல்லிகளில் வெளியே உள்ள ஒன்று மட்டும் அகலமாக இருக்கும். அதே உப்பு மணலில் தேள்கொடுக்கின் உறவான ஹீலியோட்ரோப்பியம் குராசாவிக்கம் வளரும், அதற்கும் வெள்ளைப் பூ, ஐந்து மடல். ஆனால் இலைகள் மாறி மாறி, சாம்பல் பூத்த பச்சை, பூக்களோ தேள்வால் போலச் சுருண்ட கதிரில் வரிசையாக. ஒரே பூவை முட்டி முட்டி எடுத்தால் அந்தச் சுருள் எங்கே தெரியும்?

முழுச் செடி, பக்கவாட்டில் ஒரு கணு, பூவின் பின்பக்கம், அளவுக்கு ஒரு ரூபாய் நாணயத்தோடு இலை. நான்கே படம். இதற்கு முட்டி போட்டுச் சேற்றில் உட்கார வேண்டும், பேன்ட் பாழாகும்.

பொடுதலையோடு குழப்புவது

நீளக் காம்பின் நுனியில் பூக்கள் உருண்டையாக நெருங்கியிருந்து, இலை நுனியில் பல்லும் இருந்தால் பொடுதலை. அவ்வளவுதான்.

"பிரம்மி" என்ற பெயரை நம்புவது

அந்தப் பெயரில் வல்லாரையையும் தருவார்கள். அதன் இலை வட்டம், காம்பு நீளம்.

வெள்ளையைத்தான் தேடுவேன் என்பது

இளநீலமும் வெளிர் ஊதாவும் உண்டு.

கடித்துப் பார்ப்பது

கசந்தால் நீர்ப்பிரமி என்று யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். கழிவுநீர் கலக்கும் பள்ளத்தில் வளர்ந்தால் இந்தச் செடி காட்மியம் போன்ற உலோகங்களை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். துப்பிவிடுங்கள்.