எஃப்.என்.யூ. என்பது உங்கள் பெயர் இல்லை: அமெரிக்காவுக்குப் புதிதாக வருபவர்களுக்கு

அமெரிக்காவில் நினைவில்லாமல் மருத்துவமனைக்கு வந்த ஆளின் பெயர் தெரியாவிட்டால் 'ஜான் டோ' என்று பதிவார்கள். பெண்ணானால் 'ஜேன் டோ'. வழக்குகளில் பெயரை மறைக்கவும் இதே ஏற்பாடுதான். 1973 கருக்கலைப்புத் தீர்ப்பின் 'ஜேன் ரோ' இந்த வகை. வங்கிப் படிவ மாதிரியிலும் ஜான் டோ இருப்பார். அது நம்ம 'இன்னார்'. அந்த இன்னாரின் தம்பி ஒருவர் உங்கள் விசாவில் ஏறிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

'மு. கார்த்திகேயன்' என்றால் மு. அப்பா, மற்றது ஆள் என்று நமக்குச் சொல்ல வேண்டாம். பாஸ்போர்ட்டில் 'கார்த்திகேயன் முருகேசன்' முழுவதையும் கிவன் நேம் கட்டத்தில் போட்டு சர்நேமை வெறுமையாக விட்டால்தான் வினை. விசாவில் இரண்டு பெயரும் சர்நேமுக்குப் போய்விடும். காலியான முதற்பெயர் இடத்தில் எஃப்.என்.யூ. என்று அச்சாகும். 'முதற்பெயர் தெரியாது' என்பதன் சுருக்கம் அது. ஜாதகம் பார்த்து வைத்த பெயர், தெரியாதாம்!

தடுக்க ஒரே நல்ல நேரம், டி.எஸ்.160 என்ற விசா விண்ணப்பப் படிவத்தை நிரப்புவதற்கு முன்பு. பாஸ்போர்ட் சேவா தளத்தில் மறுவழங்கல் கேட்டு, கிவன் நேமில் கார்த்திகேயன், சர்நேமில் முருகேசன் என்று பிரித்துக்கொள்ளுங்கள். 36 பக்கச் சாதாரணப் புத்தகத்துக்குக் கட்டணம் 1,500 ரூபாய். இனிஷியலை ஓர் எழுத்தாகவே விடாமல் விரித்து எழுதுங்கள். வந்த பிறகு இந்தியத் தூதரகம் வழியாகவும் மாற்றலாம். ஆனால் பழைய விசாவும் ஐ-94 என்ற அமெரிக்க வருகைப் பதிவும் பழைய பெயரிலேயே கிடக்கும்.

ஏற்கெனவே ஏறிவிட்டதா? ஐ-94 தளத்தில் தேடும்போது முதற்பெயர் கட்டத்தில் எஃப்.என்.யூ. என்றே அடியுங்கள். சொந்தப் பெயரை அடித்துவிட்டுப் பதிவே இல்லை என்று பதறுகிறவர்கள் அதிகம். ஓட்டுநர் உரிம அலுவலகம் குடியேற்றப் பதிவோடு ஒப்பிடும். அங்கே என்ன அச்சாகும் என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும், முன்கூட்டியே கேளுங்கள். சம்பளப் பிரிவுக்கு மட்டும் சோஷியல் செக்யூரிட்டி அட்டையில் இருப்பதை எழுத்து மாறாமல் கொடுங்கள். வருடம் முடிந்ததும் ஜனவரியில் வரும் டபிள்யூ-2 என்ற சம்பள, வரிக் கணக்குப் படிவம் அந்த அட்டையோடு ஒத்துப்போக வேண்டும்.

அலுவலகத்தில் சொல்லாவிட்டால் மின்னஞ்சல் முகவரி எஃப்.என்.யூ.வில் தொடங்கும், கூட்டத்தில் "ஹாய் ஃப்னூ" என்பார்கள். சட்டப்பூர்வப் பெயர் வேறு, அழைக்கும் பெயர் வேறு என்று மனிதவளத் துறையிடம் இரண்டு கட்டங்கள் இருக்கும். சேரும் நாளுக்கு முன்பே இரண்டாவதை நிரப்பச் சொல்லுங்கள். பிறகு மாற்றினால் பழைய முகவரி எங்கேயாவது ஒட்டிக்கொண்டே இருக்கும்.

இன்னொன்று. அப்பா பெயரைச் சர்நேமாக வைத்தால் மகள் 'நிலா கார்த்திகேயன்' ஆவாள். தகப்பனுக்கும் பிள்ளைக்கும் சர்நேம் வேறு. பள்ளிச் சேர்க்கைக்குப் பிறப்புச் சான்றிதழ் கையில் இருக்கட்டும்.

பேச்சில் வரும் இன்னார்களை வேகமாகப் பார்த்துவிடலாம். 'டாம், டிக், ஹாரி' என்றால் குப்பனும் சுப்பனும். அதே அலட்சியம் இதிலும் உண்டு, வாடிக்கையாளரைப் பற்றிச் சொல்லிவிடாதீர்கள். 'சோ அண்ட் சோ' இன்னார்தான், ஆனால் 'தட் சோ அண்ட் சோ' என்று அழுத்தினால் நாகரிகமாகத் திட்டுவது. பெயர் மறந்தால் வரும் 'வாட்ஸ்ஹிஸ்நேம்' நண்பர்களிடையே சரி, மின்னஞ்சலில் வேண்டாம். பிரிட்டனுக்குப் போகிறவர்களுக்கு ஜான் டோவின் இடத்தில் 'ஜோ பிளாக்ஸ்' நிற்பார். அங்கே கிரிக்கெட் அணிப் பட்டியலில் 'ஏ. என். அதர்' என்று இருந்தால் இரண்டு இனிஷியலைப் பார்த்து நம்மூர் ஆள் என்று தேட வேண்டாம். சேர்த்துப் படித்தால் 'அனதர்'. பதினோராவது ஆள் இன்னும் கிடைக்கவில்லை என்று அர்த்தம்.