சர்க்கரை வந்த நாயின் சிறுநீரகம்: நாம் செய்யும் தவறுகள்

நாய் அடிக்கடி சிறுநீர் கழிக்கிறது, ராத்திரியில் வீட்டுக்குள்ளேயே போய்விடுகிறது. உடனே தண்ணீர்க் கிண்ணத்தை எடுத்து மேலே வைத்துவிடுகிறோம். தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள்.

நாயின் ரத்தச் சர்க்கரை டெசிலிட்டருக்கு 180 முதல் 220 மில்லிகிராமைத் தாண்டினால், அத்தனையையும் சிறுநீரகத்தால் திரும்ப உறிஞ்ச முடியாது. மிச்சம் சிறுநீரில் இறங்கும்; இறங்கும்போது தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகும். தரையில் காய்ந்த இடத்தைத் தொட்டுப் பாருங்கள், சில நாய்களுக்குப் பிசுபிசுவென்று விரலில் ஒட்டும், எறும்பும் மொய்த்திருக்கும். போன தண்ணீரை ஈடுகட்டத்தான் அந்த ஜீவன் குடிக்கிறது. கிண்ணத்தை மறைத்தால் உடம்பு வற்றி, சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தமும் குறையும். மறைப்பதற்குப் பதில் அளந்து வையுங்கள். ஒரு நாளில் கிலோ எடைக்கு 100 மில்லிக்கு மேல் குடித்தால் மருத்துவரிடம் சொல்லியே ஆகவேண்டும்.

மனிதர்களுக்குச் சர்க்கரையால் சிறுநீரகம் கெடுவதுபோல நாய்களுக்கு அவ்வளவாக ஆவதில்லை என்பது உண்மைதான். அதை நம்பிச் சும்மா இருந்துவிடுவது அடுத்த தவறு. நாய்களுக்கு ஆபத்து பெரும்பாலும் கிருமித்தொற்றாக வருகிறது. சர்க்கரை நோய் எதிர்ப்புச் சக்தியைக் குறைப்பதால் சிறுநீர்ப்பையில் கிருமி எளிதாகக் குடியேறும். பல நேரம் முக்கலும் இருக்காது, ரத்தமும் வராது. சத்தமில்லாமல் அது மேலேறிச் சிறுநீரகத்தைப் பிடித்துவிடலாம். வெறும் சிறுநீர்ப் பரிசோதனையில் தப்பிவிடும் தொற்று, சிறுநீரிலுள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சரில் தெரியும். என்னைக் கேட்டால், நாய் நன்றாக இருப்பதுபோலத் தெரியும்போதும் கல்ச்சரைக் கேட்டு வாங்குங்கள்.

சிறுநீரகம் ரத்தத்திலிருந்து வடிகட்டி வெளியேற்றும் கழிவான கிரியாட்டினின் நார்மல் என்ற ஒரே வரியை வைத்து நிம்மதியடையவும் முடியாது. வடிகட்டும் திறனில் ஏறக்குறைய முக்கால் பங்கு போன பிறகுதான் அது தெளிவாக ஏறும். எஸ்டிஎம்ஏ என்ற ரத்தப் பரிசோதனை அதைவிட முன்னாலேயே காட்டிக்கொடுக்கும். சிறுநீரில் புரதம் போகிறதா, ரத்த அழுத்தம் எவ்வளவு என்பதையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். சிறுநீரில் புரதத்துக்கும் கிரியாட்டினினுக்கும் உள்ள விகிதம் தொடர்ந்து 0.5-க்கு மேல் இருந்தால் விடக்கூடாது.

வீட்டில் இருக்கும் வலி மாத்திரையை, குறிப்பாக ஐபுப்ரோஃபெனை, பாதி உடைத்துக்கூடக் கொடுக்காதீர்கள். நாயின் சிறுநீரகத்துக்கு அது விஷம்.

பலரும் சந்தோஷப்பட்டு ஏமாறும் இடம் ஒன்று உண்டு. பல மாதமாக ஒரே அளவில் இன்சுலின் போட்டு வந்த நாய்க்குத் திடீரென்று குறைந்த அளவே போதுமானதாக இருக்கும். குணமாகி வருகிறது என்று நினைப்போம். இன்சுலினைச் சிதைத்து வெளியேற்றுவதில் சிறுநீரகத்துக்கும் பங்கு இருக்கிறது; அது தளர்ந்தால் ஊசி மருந்து உடம்பிலேயே அதிக நேரம் தங்கிச் சர்க்கரையைத் தாழ இறக்கிவிடும். நாய் சாப்பாட்டை முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொள்கிறது, வாந்தி எடுக்கிறது, நடக்கும்போது பின்னங்கால் தள்ளாடுகிறது என்றால், வழக்கமான ஊசியைப் போடுவதற்கு முன்பே மருத்துவரை அழையுங்கள்.