லாட்ஜ் புக்கிங்குக்கு எந்த ஐசொலேஷன் லெவல்?

வேலூரில் சிஎம்சி மருத்துவமனைக்கு அருகே காந்தி ரோட்டில் நோயாளி குடும்பங்கள் தங்கும் ஒரு லாட்ஜுக்கு புக்கிங் சாஃப்ட்வேர் எழுதுகிறீர்கள். மிச்சம் ஒரே ரூம். கவுன்ட்டரிலும் மொபைலிலும் ஒரே நேரத்தில் இருவர் கேட்கிறார்கள். ஒரே நேரத்தில் ஓடும் டிரான்சாக்‌ஷன்கள் (முழுதாக நடக்கும் அல்லது முழுதாக ரத்தாகும் வேலைத்தொகுப்புகள்) ஒன்றின் மாற்றத்தை மற்றது எவ்வளவு பார்க்கலாம் என்பதே ஐசொலேஷன் லெவல். போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் இயல்பாகத் தருவது ரீட் கமிட்டட்: கமிட் ஆன, அதாவது உறுதியாகப் பதிவான தரவை மட்டும் பார்க்கும் லெவல். அதில் செலக்ட் (தரவைப் படிக்கும் கட்டளை) போட்டு 'காலி' என்று பார்த்துவிட்டு, ரூம் நம்பரை மட்டும் வைத்து அப்டேட் செய்தால் ஒரே ரூம் இருவருக்கும் போகும். இரண்டாவது அப்டேட், முதலாவது கமிட் ஆகும்வரை காத்திருந்து அதன் மேலேயே எழுதிவிடும்.

இதற்கு லெவலை ஏற்ற வேண்டாம். அப்டேட்டின் நிபந்தனைப் பகுதியிலேயே (WHERE) 'நிலை = காலி' என்று சேருங்கள். மாறிய வரிசைகளின் எண்ணிக்கை 0 என்றால் ரூம் கைமாறிவிட்டது.

தேதிவாரி முன்பதிவுதான் சிக்கல். புதிய பதிவை இன்சர்ட் செய்யும்போது பூட்டுவதற்கு அங்கே பழைய வரிசையே இல்லை. போஸ்ட்கிரெஸின் ரிப்பீட்டபிள் ரீட்டும் (தொடக்கத்தில் பார்த்த நிலையையே கடைசிவரை பார்க்கும் லெவல்), இருவர் ஒரே ரூமை ஒரே தேதிக்குப் பதியும் இந்த மோதலைப் பிடிக்காது. சீரியலைசபிள் (ஒன்றன்பின் ஒன்றாக ஓடியது போன்ற முடிவைத் தரும் லெவல்) போடுங்கள், முன்பதிவைச் செய்யும், மாற்றும் எல்லா டிரான்சாக்‌ஷனுக்கும். 40001 பிழை (மோதலால் டிரான்சாக்‌ஷன் ரத்து) வந்தால் கடைசி வரியை மட்டும் அல்ல, செலக்ட்டிலிருந்து முழுவதையும் மறுபடி ஓட்டுங்கள். எஸ்எம்எஸ் கமிட்டுக்குப் பிறகே போகட்டும். இல்லையென்றால் ரூம் கிடைக்காத நோயாளி குடும்பத்துக்கும் 'உறுதி' என்று போய்விடும்.

இரவுக் கணக்கு அறிக்கை படிப்பது மட்டுமே; அதற்கு ரிப்பீட்டபிள் ரீட் போதும்.