பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு அனுப்புங்கள்: ஓப்பன் சோர்ஸ் நிரலை வெளியிடுவது எப்படி

எனக்கு ஊர் தண்டையார்பேட்டை. எண்ணூர் விரைவு சாலையில் துறைமுகத்துக்குள் போகக் காத்திருக்கும் கண்டெய்னர் லாரிகளைப் பார்த்தே வளர்ந்தேன். ஒவ்வொரு பெட்டியின் மேலும் நான்கு எழுத்து, ஆறு இலக்கம், அப்புறம் கட்டத்துக்குள் ஒற்றை இலக்கம் ஒன்று இருக்கும். அந்தக் கடைசி இலக்கத்துக்கு ஒரு கணக்கு உண்டு. ஐஎஸ்ஓ 6346 தரப்படி, முன்னால் இருக்கும் பத்துக்கும் ஆளுக்கொரு மதிப்பு கொடுத்து, 1, 2, 4, 8 என்று இரட்டித்துக்கொண்டே போகும் எண்களால் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டி 11-ஆல் வகுத்தால் வரும் மீதிதான் அது. மீதி 10 என்றால் 0. மணலிப் பக்கம் ஒரு சிஎஃப்எஸ்ஸில் (கண்டெய்னர் சரக்கை ஏற்றி இறக்கும் நிலையம்) வேலை பார்க்கும் என் நண்பன், எக்செலில் கையால் அடிக்கும்போது ஒரு இலக்கம் மாறினாலும் அன்றைய வேலை முழுக்கக் குழம்பிவிடுகிறது என்று சொன்னான். அதற்காக, எண் சரியா என்று பார்க்கும் ஒரு சின்ன லைப்ரரியை (மற்ற நிரல்கள் எடுத்துப் பயன்படுத்தும் நிரல் தொகுப்பு) பைத்தானில் எழுதினேன். எழுத ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும், ஆனால் அடுத்தவர்கள் நம்பி எடுத்துப் பயன்படுத்துகிற மாதிரி வெளியிட மூன்று மாதம் ஆனது. அந்த மூன்று மாதத்தில் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். நான் பைத்தானை வைத்துச் சொல்கிறேன், நீங்கள் வேறு மொழியில் எழுதினாலும் பெரும்பாலும் இதே வழிதான்.

முதலில், அது உங்களுடையதுதானா

லைசென்ஸ் எது என்று யோசிப்பதற்கு முன்பே இதைக் கேட்டுக்கொள்ளுங்கள். இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957-இன்படி கணினி நிரலும் ஓர் இலக்கியப் படைப்புதான். வேலையின் பகுதியாக நீங்கள் எழுதியதற்கு, வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில், 17-ஆம் பிரிவு உங்கள் முதலாளியைத்தான் முதல் உரிமையாளர் என்கிறது. ஐடி கம்பெனியில் இருப்பவர்கள் வேலை நியமனக் கடிதத்தை எடுத்து ஒரு தடவை முழுதாகப் படியுங்கள். சில கடிதங்களில் வேலை நேரத்துக்கு வெளியே எழுதியதையும் சேர்த்து வாங்கிக்கொள்ளும் வரி இருக்கும். சந்தேகம் இருந்தால் மேலாளருக்கு ஒரு மெயில் போட்டு எழுத்தில் ஒப்புதல் வாங்கிவிடுங்கள். அதைச் செய்ய இதுதான் நேரம், நிரல் நாலு பேரிடம் போய்ச் சேர்ந்த பிறகு கேட்பது ரொம்பக் கஷ்டம்.

அப்புறம் லைசென்ஸ். நிரல்களைச் சேமித்துப் பகிரும் கிட்ஹப் தளத்தில் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி போட்டுவிட்டால் அது ஓப்பன் சோர்ஸ் ஆகிவிடும் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். ஆகாது. லைசென்ஸ் இல்லாத நிரலுக்கு எல்லா உரிமையும் எழுதியவரிடமே இருக்கிறது, பார்ப்பவர் பார்க்கலாம், கிட்ஹப்புக்குள்ளேயே ஃபோர்க் (தனக்கென ஒரு நகல்) செய்யலாம், அதைத் தாண்டி எடுத்துப் பயன்படுத்த அவருக்கு அனுமதி கிடையாது. என் நண்பனின் அலுவலகம் மாதிரி ஓர் இடத்தில் பொறுப்பான ஆள் இருந்தால் அந்த நிரலைத் தொடவே மாட்டார்.

எதைத் தேர்ந்தெடுப்பது? என் கருத்தைச் சொல்கிறேன். சின்ன லைப்ரரி, எல்லோரும் எடுத்துக்கொண்டால் சந்தோஷம் என்றால் எம்ஐடி போதும்; உங்கள் பெயரோடு இருக்கும் பதிப்புரிமை வரியையும் லைசென்ஸ் வாசகத்தையும் கூடவே வைத்திருக்க வேண்டும் என்பது மட்டும்தான் அதன் நிபந்தனை. காப்புரிமை (பேடன்ட்) பற்றிக் கவலைப்படும் நிறுவனங்கள் பயன்படுத்தும் என்று தோன்றினால் அப்பாச்சி 2.0, அதில் காப்புரிமை அனுமதி வெளிப்படையாக எழுதப்பட்டிருக்கிறது. முழு மென்பொருள் ஒன்றை எழுதுகிறீர்கள், அதை மாற்றி அடுத்தவருக்குக் கொடுப்பவர்களும் மாற்றத்தைத் திறந்துதான் கொடுக்க வேண்டும் என்று விரும்புகிறீர்கள் என்றால் ஜிபிஎல் 3. அதே மென்பொருளைச் சர்வரில் ஓடவிட்டு இணையம் வழியாகச் சேவையாகத் தருபவர்களையும் அந்த விதிக்குள் கொண்டுவர ஏஜிபிஎல். இந்த நான்கில் ஒன்று பெரும்பாலானவர்களுக்குப் போதும்.

தயவுசெய்து சொந்தமாக ஒரு லைசென்ஸ் எழுதாதீர்கள், இருப்பதில் ஒரு வரியைச் சேர்க்கவும் வேண்டாம். ஜேசன் என்ற தரவு வடிவத்துக்கான நிரல் ஒன்றின் லைசென்ஸில், இதை நல்லதுக்குப் பயன்படுத்த வேண்டும், தீமைக்குக் கூடாது என்று ஒரே ஒரு வாக்கியம் இருந்தது. நல்ல எண்ணம்தான், ஆனால் அந்த வாக்கியத்தாலேயே டெபியன் என்ற லினக்ஸ் திட்டம் அதைச் சுதந்திர மென்பொருள் இல்லை என்று ஒதுக்கியது. வணிகத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்று போட்டாலும் இதே கதை, ஓப்பன் சோர்ஸ் வரையறைக்குள் அது வராது.

நிரல் உங்களுடையது, கூட வருகிற சரக்கு யாருடையது?

நான் தடுக்கி விழுந்த இடம் இது, அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

பெட்டியின் எண்ணில் முதல் மூன்று எழுத்தும் உரிமையாளரின் குறியீடு. பாரிஸில் இருக்கும் பிஐசி என்ற அமைப்புதான் அவற்றைப் பதிவு செய்து வைக்கிறது. எண் சரி என்று சொல்வதோடு பெட்டி எந்த நிறுவனத்துடையது என்றும் காட்டினால் நன்றாக இருக்குமே என்று, ஓர் இணையதளத்தில் கிடைத்த பட்டியலை அப்படியே எடுத்து என் நிரலோடு வைத்து, மொத்தத்துக்கும் எம்ஐடி என்று போட்டு வெளியிட்டுவிட்டேன். இரண்டாவது வாரம் முகம் தெரியாத ஒருவர் கேட்டார்: இந்தப் பட்டியல் எங்கிருந்து வந்தது, யார் அனுமதி கொடுத்தார்கள்? பதில் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. என்னுடையது அல்லாத ஒன்றை, யாரும் என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம் என்று நான் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

இது சின்ன ஆட்களுக்கு மட்டும் நடப்பதில்லை. 2021 மார்ச்சில் ரூபி என்ற நிரல் மொழி உலகத்தில் இதேதான் பெரிய அளவில் நடந்தது. மைம்மேஜிக் என்று, ஒரு கோப்பு எந்த வகை என்று கண்டுபிடித்துச் சொல்லும் சின்ன ஜெம் (ரூபியில் லைப்ரரிக்கு அந்தப் பெயர்), லைசென்ஸ் எம்ஐடி. அதற்குள்ளே இருந்த தரவுக் கோப்பு ஃப்ரீடெஸ்க்டாப் திட்டத்திலிருந்து எடுத்தது, அது ஜிபிஎல். யாரோ சுட்டிக்காட்டியதும், பராமரித்தவர் லைசென்ஸை ஜிபிஎல்லுக்கு மாற்றிப் புது வெளியீடு போட்டு, 0.3.5 வரையிலான பழைய பதிப்புகளை நீக்கிவிட்டார். ரூபியில் இணையதளம் கட்டப் பயன்படும் ரெயில்ஸ் அந்த ஜெம்மை நம்பி இருந்ததால், அன்றைக்குப் புதிதாக இன்ஸ்டால் செய்யப் போன ரெயில்ஸ் திட்டங்கள் பல நின்றன. எம்ஐடியில் இருக்கும் ரெயில்ஸுக்கு ஜிபிஎல் ஜெம்மோடு தொடரவும் வழியில்லை, கடைசியில் வேறு தரவு மூலத்துக்கே மாற வேண்டியிருந்தது. ஒரே ஒரு தரவுக் கோப்பில் ஆரம்பித்தது இது.

அதனால் ரெப்போவில் (நிரலை வைத்திருக்கும் களஞ்சியம்) உட்கார்ந்து ஒவ்வொரு கோப்பாக, இதை எழுதியது யார் என்று கேளுங்கள். ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் எடுத்த இருபது வரி இருந்தால் அது கிரியேட்டிவ் காமன்ஸின் பிஒய்-எஸ்ஏ லைசென்ஸில் வருகிறது, எம்ஐடி ஆகாது. புரிந்துகொண்டு நீங்களே மறுபடி எழுதுங்கள். தமிழ் எழுத்துரு சேர்க்கிறீர்களா? நோட்டோ சான்ஸ் தமிழ் மாதிரி ஓஎஃப்எல் என்ற எழுத்துரு லைசென்ஸில் இருப்பதை எடுங்கள், அதன் லைசென்ஸ் கோப்பையும் கூடவே வையுங்கள். அடுத்தவருடைய எம்ஐடி நிரலை உள்ளே நகலெடுத்தால் அவர் பெயர் இருக்கும் வரியை அழிக்காதீர்கள். நம்பியிருக்கும் லைப்ரரிகளின் லைசென்ஸையும் பாருங்கள். திரையில் ஜன்னல், பொத்தான்கள் காட்ட உதவும் பைக்யூடி ஜிபிஎல் அல்லது விலைக்கு வாங்கும் லைசென்ஸ், அதே வேலையைச் செய்யும் பைசைடு ஜிபிஎல்லைவிடத் தளர்வான எல்ஜிபிஎல்லிலும் கிடைக்கிறது, இந்த ஒரு வித்தியாசம் உங்கள் மொத்த மென்பொருளின் லைசென்ஸையே தீர்மானித்துவிடும்.

நான் பட்டியலை எடுத்துவிட்டேன். இப்போது என் லைப்ரரி, உங்களிடம் பட்டியல் இருந்தால் அந்தக் கோப்பைக் காட்டுங்கள், படித்துக்கொள்கிறேன் என்று மட்டும் சொல்கிறது.

கட்டுவது

சிஎஃப்எஸ்ஸில் பேக்கிங் லிஸ்ட் ஒன்று, பெட்டிக்குள் இருப்பது இன்னொன்று என்றால் என்ன ஆகும் என்று என் நண்பனைக் கேட்டால் ஒரு மணி நேரம் பேசுவான். பயனருக்குப் போய்ச் சேர்வது உங்கள் ரெப்போ இல்லை, நீங்கள் கட்டி அனுப்பும் வீல் கோப்பு, அதாவது இன்ஸ்டால் செய்யத் தயாராக இருக்கும் பைத்தான் பொதி. இரண்டும் ஒன்றாக இருக்கும் என்று நம்பிவிடாதீர்கள்.

என் முதல் வெளியீட்டில் பிழைச் செய்திகளைத் தமிழில் வைத்திருந்த ஜேசன் கோப்பு வீலுக்குள் போகவே இல்லை. பைத்தான் கோப்பு அல்லாதவற்றை, பொதி கட்டும் கருவியான செட்டப்டூல்ஸ் தானாக எடுத்துக்கொள்ளாது, அமைப்புக் கோப்பில் சொல்ல வேண்டும். என் கணினியில் எடிட்டபிள் முறையில் இன்ஸ்டால் செய்திருந்ததால் நேராக என் ஃபோல்டரிலிருந்தே அது படித்துக்கொண்டிருந்தது, அதனால் எனக்கு எல்லாமே சரியாக ஓடியது. நண்பன் மட்டும் போன் செய்து, "மச்சான், ஓப்பன் பண்ணதும் எர்ரர் வருதுடா" என்றான்.

சரி, வழி என்ன? வீல் என்பது வெறும் ஜிப் கோப்புதான். கட்டி முடித்ததும் அதைத் திறந்து உள்ளே இருப்பதைப் பட்டியல் போட்டுப் பாருங்கள். லைசென்ஸ் கோப்பு இருக்கிறதா, தரவுக் கோப்புகள் இருக்கின்றனவா, கடவுச்சொல் வைத்த என்வ் கோப்போ சோதனைக்கு வைத்த உண்மையான வாடிக்கையாளர் எக்செலோ தெரியாமல் உள்ளே போயிருக்கிறதா? கடைசியில் சொன்னது ரொம்ப முக்கியம். பிறகு நிரலை எஸ்ஆர்சி என்ற ஃபோல்டருக்குள் தள்ளி வையுங்கள், அப்போது சோதனை ஓடும்போது பக்கத்தில் கிடக்கும் நிரலைத் தவறுதலாக எடுக்காமல், இன்ஸ்டால் ஆனதையே எடுக்கும். வேறு ஃபோல்டரில் புதிய வெர்ச்சுவல் என்விரான்மென்ட் (மற்றவற்றோடு கலக்காத தனி பைத்தான் இடம்) உருவாக்கி அந்த வீலை இன்ஸ்டால் செய்து ஓட்டிப் பாருங்கள்.

நாம் எல்லோரும் லினக்ஸில் எழுதுகிறோம், மணலியிலும் மாதவரத்திலும் அலுவலகங்களில் இருப்பது விண்டோஸ். பைத்தானில் கோப்பைத் திறக்கும்போது யுடிஎஃப்-8 என்று சொல்லாவிட்டால் விண்டோஸ் தன் பழைய குறியாக்கத்தில் படிக்கும், தமிழ் எழுத்து அத்தனையும் குப்பையாகும் அல்லது பிழை காட்டி நிற்கும். ஒவ்வொரு இடத்திலும் வெளிப்படையாக யுடிஎஃப்-8 என்று எழுதிவிடுங்கள்.

பெயர் வைக்கும்போது, பைத்தான் லைப்ரரிகளின் பொதுக் கிடங்கான பைபிஐயில் அது ஏற்கெனவே இருக்கிறதா என்று பாருங்கள். கோடு, அடிக்கோடு, புள்ளி மூன்றும் அங்கே ஒன்றுதான். தமிழ் எழுத்தில் பெயர் வைக்க முடியாது, எனக்கு அதில் வருத்தம் உண்டு. நம்பியிருக்கும் லைப்ரரிகளைப் பொறுத்தவரை, லைப்ரரி எழுதுபவர்கள் எந்தப் பதிப்பிலிருந்து என்று கீழ் எல்லை மட்டும் சொன்னால் பெரும்பாலும் போதும், ஒரே பதிப்பில் ஆணி அடிப்பது முழு மென்பொருளுக்குத்தான். முடிந்தவரை குறைவாகவே நம்புங்கள். 2016 மார்ச்சில், ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரிகளின் கிடங்கான என்பிஎம்மிலிருந்து லெஃப்ட்-பேட் என்ற 11 வரி நிரல் நீக்கப்பட்டதும், அதை நம்பியிருந்த பேபல் உட்பட எத்தனையோ திட்டங்கள் கட்ட முடியாமல் நின்றன.

வெளியிடும் நாள்

பதிப்பு எண்ணுக்கு மூன்று பகுதி முறையைப் பின்பற்றுங்கள்: பழைய பயனரின் நிரல் உடையும் என்றால் முதல் எண், புதிய வசதி என்றால் நடு எண், பிழைத் திருத்தம் மட்டும் என்றால் கடைசி எண். மாற்றக் குறிப்பை மனிதர்கள் படிக்க எழுதுங்கள்; கமிட் செய்திகளை (ஒவ்வொரு மாற்றத்தையும் பதியும்போது எழுதும் குறிப்பு) அப்படியே கொட்டினால் யாருக்கும் புரியாது.

பைபிஐயில் ஒரு தடவை ஏற்றிய கோப்பின் பெயரில் மறுபடி ஏற்ற முடியாது, நீக்கினாலும் முடியாது. 1.0.0-இல் தப்பு இருந்தால் 1.0.1 தான். அதனால் முதலில் சோதனைக்கென்றே இருக்கும் டெஸ்ட்பைபிஐயில் ஏற்றி, அங்கிருந்து இன்ஸ்டால் செய்து பாருங்கள். உடைந்த பதிப்பு வெளியே போய்விட்டால் நீக்காமல் யாங்க் செய்யுங்கள், புதிதாக வருபவர்களுக்கு அது கிடைக்காது, அதே எண்ணைக் குறிப்பிட்டு வைத்திருப்பவர்களின் வேலையும் நிற்காது. என் பட்டியல் விஷயத்தில் மட்டும் நான் முழுக்க நீக்கினேன், ஏனென்றால் யாங்க் செய்தாலும் அடுத்தவர் பொருள் அங்கேயே கிடக்கும்.

உங்கள் மடிக்கணினியிலிருந்து ஏற்றாதீர்கள். ரெப்போவில் அந்தப் பதிப்புக்கு டேக் (பெயர் அடையாளம்) போட்டதும், கிட்ஹப்பின் தானியங்கிச் சேவையான கிட்ஹப் ஆக்ஷன்ஸ் அந்த டேக்கிலிருந்தே கட்டி ஏற்றட்டும். 2023-இலிருந்து பைபிஐயில் டிரஸ்டட் பப்ளிஷிங் இருக்கிறது, நீண்ட காலம் செல்லும் டோக்கனை (கடவுச்சொல் மாதிரியான சாவி) எங்கேயும் சேமித்து வைக்கத் தேவையில்லை. இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், 2024 மார்ச்சில் வெளிவந்த எக்ஸ்இசட் என்ற கோப்பு சுருக்கும் மென்பொருளின் விவகாரத்தில், 5.6.0, 5.6.1 பதிப்புகளில் பின்கதவைத் திறந்துவிடும் கட்டளைக் கோப்பு கிட் ரெப்போவில் இல்லை, வெளியிட்ட டார் கோப்பில் மட்டும்தான் இருந்தது. ரெப்போவைப் படித்தவர்களுக்கு அது தெரிய வழியே இல்லை.

இன்னொன்று, அடுத்தவர்கள் நிரல் அனுப்ப ஆரம்பித்த பிறகு லைசென்ஸை மாற்ற நினைத்தால் அவர்கள் ஒவ்வொருவரின் சம்மதமும் வேண்டும். விஎல்சி வீடியோ பிளேயர் குழு தன் மையப் பகுதியை ஜிபிஎல்லிலிருந்து எல்ஜிபிஎல்லுக்கு மாற்ற, பல வருடங்களில் பங்களித்தவர்களைத் தேடித் தேடிக் கேட்க வேண்டியிருந்தது. முதல் வெளியாள் பங்களிப்பு வரும் முன்பே லைசென்ஸை நிதானமாக முடிவு செய்துவிடுங்கள், லினக்ஸ் கெர்னலில் செய்வது மாதிரி கமிட்டில் கையொப்ப வரி (இதைக் கொடுக்க எனக்கு உரிமை உண்டு என்ற உறுதி) கேளுங்கள்.

ஏற்றி முடித்ததும் வேலை முடியவில்லை. பத்து நிமிடம் விட்டு, வேறொரு கணினியில், பைபிஐயிலிருந்தே இன்ஸ்டால் செய்யுங்கள். நான் ஒவ்வொரு வெளியீட்டுக்கும் நண்பனுக்குப் போன் செய்து, அன்றைக்கு யார்டுக்குள் வந்த ஏதாவது ஒரு பெட்டியின் எண்ணைப் போட்டுப் பார்க்கச் சொல்கிறேன், அவன் சரியாக வருகிறது என்று சொன்ன பிறகுதான் வெளியீட்டு அறிவிப்பை எழுத உட்காருகிறேன்.